மறிச்சுக்கட்டி: ஒரு பருவத்தின் மாநகரம்

பருவத் தங்கிடங்கள் – வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 7

சென்ற அத்தியாயத்தில், ஸ்கொட்லாந்து தேசத்தின் வடகிழக்குக் கரையிலே சால்மன் மீன் பிடிப்போர் பருவகாலம் முழுவதும் தங்கியிருந்த கல் மனைகளைப் பற்றிப் பேசினோம். போர்ட்சாய்த் துறைமுகத்தில் 1834ஆம் ஆண்டில் எழுந்த மனையும், ஸ்பே நதியின் முகத்துவாரத்தில் 1830இல் கட்டப்பெற்ற டக்நெட் பனிக்கட்டிக் கிடங்கும் இன்றும் நிலைத்து நிற்பதையும், வார இறுதியில் வலைகள் நீரில் கிடக்கலாகாது என்ற விதி மீனுக்கு வழியையும் மனிதனுக்கு ஓய்வையும் ஒருங்கே அளித்ததையும் கண்டோம். அந்த மனைகள் கல்லாலானவை. ஆதலால் அவற்றின் சரித்திரத்தை எழுதப் புகுவோனுக்குச் சுவர்களே சாட்சி சொல்லுகின்றன. இந்த அத்தியாயத்தில் நாம் காணப்போகும் தங்கிடமோ கம்பாலும் ஓலையாலும் ஆனது. ஒவ்வொரு முறையும் சில வாரங்களுக்கென்றே எழுப்பப்பட்டு, காரியம் முடிந்ததும் கலைக்கப்பட்டது. எனினும் அதன் கூரைகளின்கீழ் ஒரே பருவத்தில் பல்லாயிரம் மக்கள் உறங்கி எழுந்தனர். மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் எழுந்து மறைந்த முத்துக்குளிப்பு முகாமே அது.

கஹவத்தையில் வாழும் நமக்கு இத்தகைய தங்கிடம் அந்நியமானதன்று. நம் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்து வயல்களிலே மாணிக்கக்கல் தேடிக் குழி தோண்டுவோர், குழியின் வாய்மேல் நான்கு கம்பங்களை நட்டு, ஓலையோ புல்லோ வேய்ந்து, அதன் நிழலிலே இறைப்பதும் அரிப்பதும் சமைப்பதும் காவலிருப்பதுமாகக் காலங்கழிப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ‘இல்லம்’ எனப்படும் மணிப்படுகையை அவர்கள் எடுத்து முடித்ததும் குழி மூடப்படுகிறது, கொட்டகையும் போய்விடுகிறது. அக்குழியிலே கிடைத்த கல் விற்கப்படுங்கால் நிலத்துக்கு ஒரு பங்கு, அனுமதிப் பத்திரத்துக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, இறங்கி உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் முறைமை இரத்தினபுரிப் பகுதிக்குப் பரிச்சயமானது. நவமணிகளுள் நிலம் தருவனவற்றுக்கு இங்கே என்ன முறைமையோ, கடல் தரும் முத்துக்கும் அங்கே ஏறத்தாழ அம்முறைமையே நிலவியது. இந்த ஒப்புமையை வாசகர் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இந்த அத்தியாயத்தின் பொருள் அதனையே ஆதாரமாகக் கொண்டது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று வரிசையாய்க் கிடக்கும் கரையோரக் கிராமங்களைக் கடந்து, மோதரகம் ஆற்றங்கரையை அணுகினால், வில்பத்துக் காட்டின் வடவோரத்திலே மறிச்சுக்கட்டி என்ற சிற்றூர் வருகிறது. அக்கரைக்கு மேற்கே, பல மைல் தூரத்தில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரின் அடியில், மணலுக்கிடையே பாறைத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றைப் ‘பார்’ என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று அடங்கிய பின்னும் தென்மேல் பருவக்காற்று எழுவதற்கு முன்னுமாகிய மாசி பங்குனி மாதங்களில் மட்டுமே அக்கடல் கண்ணாடிபோல் அமைதியுற்று மனிதனைத் தன் அடிவயிறு வரை அனுமதிக்கிறது. ஆகவே முத்துக்குளிப்பு என்பது மனிதன் வகுத்த பருவமன்று. காற்று வகுத்த பருவம்.

இத்தொழிலின் புராதனத்தை விரித்துரைப்பின் தனி நூலாகும். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரேயக் கடற்பயண நூல்’, பாண்டி நாட்டுக் கொற்கையிலே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடத்தப்பட்டதாகக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோ, வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து கூலிக்கு ஆளமர்த்தி முத்தெடுத்ததையும், அரசனுக்குப் பத்திலொரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதிலொரு பங்கும் போனதையும் எழுதிவைத்தான். குற்றவாளியிலிருந்து கூலியாளுக்கும், கூலியாளிலிருந்து பங்காளிக்குமாக, முத்துக்குளிப்போனுடைய நிலை பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல உயர்ந்து வந்தது என்பதை இந்த இரண்டு குறிப்புகளையும் பின்னே வரும் செய்திகளோடு சேர்த்துப் பார்ப்போர் உணர்வர். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தரும் இம்முத்தின்மேல் கண் வைத்தே அக்கரையைக் காத்தனர். ஆங்கிலேயரோ 1796இல் கரையோர மாகாணங்களைக் கைக்கொண்ட அவ்வாண்டிலேயே முத்துக்குளிப்பையும் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும்போது தாம் தங்குவதற்கென்று, கிரேக்கர்களுடைய டோரிக் பாணியிலே பருத்த தூண்கள் நிறுத்தி, அரிப்புக் கடற்கரையின் மேட்டில் ஒரு மாளிகை எழுப்பினார். 1801க்கும் 1804க்கும் இடையே எழுந்த அந்த மாளிகையின் சிதைவை இன்றும் அலைகள் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கின்றன. தேசாதிபதியின் பருவத் தங்கிடம் செங்கல்லும் சுண்ணமும். முத்தெடுத்தவனுடைய பருவத் தங்கிடம் ஓலையும் கம்பும். முன்னதைப் பற்றி நூல்கள் நிரம்ப உள்ளன. பின்னதைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

முகாம் ஆண்டுதோறும் எழுவதன்று. சிப்பி முதிர ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் நீரோட்டமும் மணலும் திருக்கை மீன்களும் பார் முழுவதையும் அழித்துவிடுவது உண்டு. 1837க்குப் பின் 1855 வரையிலும், 1891க்குப் பின் 1903 வரையிலும் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. ஆகையால் முத்துப்பார்ப் பரிசோதகர் ஒருவர் முன்கூட்டியே கடலுக்குச் சென்று, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவித்து, தகுதியுண்டு என்று அறிக்கை கொடுத்த பின்னரே அரசாங்கம் விளம்பரம் செய்யும். அந்த விளம்பரம் தூத்துக்குடிக்கும் கீழக்கரைக்கும் மலையாளக் கரைக்கும் பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் எட்டிய மாத்திரத்தில், அதுகாறும் மான்களும் யானைகளும் திரிந்த கரையிலே காடு வெட்டிக் கம்பங்கள் நடப்படும், ஓலை வந்து குவியும், நேர்நேராய் வீதிகள் வகுக்கப்படும், குடிநீருக்கு ஏற்பாடாகும், நீதிமன்றம், சிறைச்சாலை, பொலிஸ் நிலையம், தபால் தந்தி நிலையம், வைத்தியசாலை, கடைவீதி என்று ஒரு நகரத்துக்கு வேண்டிய அங்கங்கள் அனைத்தும் சில வாரங்களிலே ஓலைக்கூரையின்கீழ் அமைந்துவிடும். 1905ஆம் ஆண்டின் பருவத்தில் மறிச்சுக்கட்டி முகாமில் கூடிய சனத்தொகை ஏறத்தாழ 40,000 என்று அதனைக் கண்டோர் எழுதியுள்ளனர். அக்காலத்து இலங்கையில் அத்தனை மக்கள் வாழ்ந்த நிலையான நகரங்கள் மிகச் சிலவே என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஓலை நகரத்தின் பெருமை விளங்கும்.

அங்கே வந்தவர்கள் யார்? தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள், பதினாறாம் நூற்றாண்டிலே கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்கள், தம் படகுகளோடு வந்தனர். கீழக்கரையிலிருந்து முஸ்லிம்கள் வந்தனர். மலையாளிகளும் மன்னார், யாழ்ப்பாணத் தமிழர்களும் வந்தனர். மூக்கைக் கொம்புக் கவ்வியால் இறுக்கிக்கொண்டு மூழ்கும் அராபியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தனர். முத்து வாங்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் பம்பாய் வியாபாரிகளும் வந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து சமையற்காரர், தட்டார், முத்துத் துளையிடுவோர், பக்கிரிகள், பாம்பாட்டிகள், பிச்சைக்காரர் எல்லோரும் வந்தனர். சுறாமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டும் ‘கடல்கட்டி’ என்போனும் வந்தான். மார்க்கோ போலோ கண்ட அந்த மந்திரவாதியினுடைய தொழில், ஆங்கில அரசாங்கத்தின் செலவுக் கணக்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடம்பெற்றிருந்தது. அவன் கரையிலே நின்றாலொழியத் தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று குளியாட்கள் மறுத்தமையால், அவன் வல்லமையில் நம்பிக்கையில்லாத துரைமாரும் அவனுக்குச் சம்பளம் கொடுத்தே தீரவேண்டியிருந்தது.

நள்ளிரவு கடந்ததும் தரைக்காற்று எழும். படகுகள் பாய் விரித்துப் பாரை நோக்கிச் செல்லும். சூரியோதயத்தில் காவற்கப்பலிலிருந்து பீரங்கி முழங்கியதும் முதற் குளியாள் நீரில் இறங்குவான். பாரமான கல்லொன்றைக் கயிற்றில் கட்டி, அக்கல்லின்மேல் பாதத்தை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் அடியிலே போய்ச் சேர்வான். ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோ மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளையெல்லாம் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் வாரி நிரப்பி, கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான். இருவர் இருவராய் முறை மாற்றி மூழ்குவார்கள். ஒருவன் அடியில் இருக்கையில் மற்றவன் படகோரத்தில் மூச்சு வாங்குவான். நண்பகலில் மறுபடியும் பீரங்கி முழங்கும், குளிப்பு நிற்கும், கடற்காற்று எழுந்து படகுகளைக் கரைக்குக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமையில் கத்தோலிக்கப் பரதவர்கள் கடலுக்குப் போவதில்லையாதலால், ஸ்கொட்லாந்துச் சால்மன் மீனவர்களுக்கு வாய்த்த அந்த ஒரு நாள் ஓய்வு, உலகத்தின் மறுகோடியிலிருந்த இவர்களுக்கும் வாய்த்தது.

இனி, முகாமின் இதயத்துக்கு வருவோம். அது ‘கொட்டு’ என்று வழங்கப்பட்டது. கரையோரத்திலே நாற்புறமும் உயர்ந்த வேலி அடைத்து, உள்ளே இலக்கமிட்ட அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். கரை சேர்ந்த குளியாட்கள் சிப்பி மூட்டைகளைச் சுமந்து அங்கே சென்று, தம் கையாலேயே அவற்றை மூன்று சமமான குவியல்களாகப் பிரிக்கவேண்டும். பிரித்து முடித்ததும் அதிகாரி வந்து இரண்டு குவியல்களை அரசாங்கத்துக்கென்று தெரிந்தெடுப்பார். எஞ்சிய மூன்றாவது குவியல் குளியாட்களுடையது. எந்தக் குவியல் தமக்கு விடப்படும் என்பதைப் பிரிக்கும்போது அறியார்களாதலின், குவியல்கள் மூன்றையும் சமமாகவே வைப்பது அவர்களுக்கு நலமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்கிலொன்றாயிருந்த பங்கு, பின்னர் மூன்றிலொன்றாயிற்று. அந்த மூன்றிலொன்றிலும் படகுச் சொந்தக்காரனுக்கும் படகை நடத்திய தண்டலுக்கும் கயிறு பிடித்தவனுக்கும் பாகம் உண்டு என்பது மெய். ஆயினும் குளியாள் ஒருவன் கொட்டின் வாயிலைக் கடந்து வெளியே வருகையில், அவன் தோளிலே இருந்த மூட்டை அவனுடைய சொந்த மூட்டை. வாயிலில் காத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு அவன் அதனை அப்பொழுதே விற்கலாம். அல்லது தன் குடிசைக்குக் கொண்டுபோய்ச் சிப்பியைத் திறந்து தன் அதிர்ஷ்டத்தைச் சோதிக்கலாம். அரசாங்கத்தின் பங்கோ அன்று மாலையே ஆயிரம் சிப்பிகளுக்கு இன்ன விலையென்று ஏலத்தில் போகும். பெரிய வியாபாரிகள் வாங்கிய சிப்பிகள் வேலியடைப்புக்குள் ஒரு வாரத்துக்கு மேலாகக் குவிந்து கிடந்து, ஈக்கள் மொய்க்க அழுகி, பின்னர் தண்ணீரில் அலசப்பெற்று, அடியிலே தங்கிய மண்டியிலிருந்து முத்தைக் கொடுக்கும். அந்தத் துர்நாற்றம் முகாம் முழுவதையும் சூழ்ந்திருந்தது என்றும், வாந்திபேதி பற்றிய அச்சம் வைத்தியர்களை ஓயாது வருத்திற்று என்றும் அங்கே சென்றோர் அனைவரும் ஒருமுகமாய் எழுதியுள்ளனர்.

அவ்வாறு எழுதியோருள் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் இலங்கைக் கிராம வாழ்வைப் பொருளாகக்கொண்டு நாவல் புனைந்து புகழ்பெற்ற அவர், 1906ஆம் ஆண்டின் பருவத்தில், யாழ்ப்பாணக் கச்சேரியைச் சார்ந்த இளம் உத்தியோகத்தராய், கொட்டின் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார். விரல்விட்டு எண்ணத்தக்க சில அதிகாரிகளே அத்தனை ஆயிரம் மக்களிடையே இருந்து, இரவு பகலாகக் கணக்கும் ஒழுங்கும் பார்த்ததைத் தம் சுயசரிதையிலே அவர் விவரித்திருக்கிறார். இறந்துபோன அராபியக் குளியாள் ஒருவனுடைய உடலைத் தோழர்கள் சுமந்து கரைக்குக் கொண்டுவந்த காட்சியும், அவர்களுடைய துக்கத்தின் கண்ணியமும் அந்த இளைஞரின் உள்ளத்தைத் தொட்டு, அரை நூற்றாண்டு கடந்தபின்னும் அழியாதிருந்தன. முத்து எனும் பொருள் எத்தகைய விலைக்கு மேலே வருகிறது என்பதை அதிகாரிகளுள் சிலரேனும் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

1905ஆம் ஆண்டே இந்த நகரத்தின் உச்சம். அவ்வாண்டு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பாரும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் இப்பார்களை ஆராய்ந்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களில் வெளியிட்ட அறிக்கை, இனிச் சிப்பியை விஞ்ஞான முறையிலே வளர்த்துக் குறைவற எடுக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியது. அந்நம்பிக்கையின்மேல், ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு, 20 ஆண்டுக் காலத்துக்கு, ஒரு தனியார் கம்பெனி 1906இல் பார்களைப் பெற்றுக்கொண்டது. ஆனால் 1907க்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின. 1912இல் கம்பெனி கலைந்தது. 1925இல் ஒரு முறை முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குள் யப்பானின் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தைகளிலே புகுந்துவிட்டன. பழைய பெருமையோடு முகாம் மறுபடி எழவேயில்லை.

இதுவரை கடலோரத்துக் கதையாய்ச் சென்றது, நம் தோட்டத்துக் கதையோடு சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. முத்துக்குளிக்க வந்தோருடைய படகுகள் ஒதுங்கிய அந்த மன்னார்க் கரையிலேதான், அரிப்பிலும் வங்காலையிலும், கோப்பித் தோட்டங்களை நாடிவந்த நம் முன்னோர்களும் இறங்கினார்கள். அவர்களும் தொடக்கத்தில் பருவத்து மனிதர்களே. கோப்பிப் பழம் சிவக்கும் காலத்தில் வந்து, பறித்து முடித்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு, நெல்லறுவடைக்கு ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு, மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்கென்று தோட்டங்களில் எழுந்த லயங்களும் அந்தப் பருவத்துக்கென்று எழுந்த தங்கிடங்களே: குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு வாயில், ஓர் அடுப்பு. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, சபரகமுவைத் தாழ்நிலங்களில் றப்பர் வந்தது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கை வேண்டும். பருவத்துக்கு வந்தவன் ஆண்டு முழுவதுக்கும் ஆளானான். அவன் தங்கிய காம்பரா மட்டும் பருவத்துக் காம்பராவாகவே நின்றுவிட்டது.

இந்த இடத்திலே நான் சொல்ல விழைவது இதுதான். ஒரு தங்கிடம் எத்தனை நாள் நிற்கிறது, எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைக்கொண்டு அதில் தங்கியவனுடைய நிலையை மதிப்பிட முடியாது. மறிச்சுக்கட்டியின் ஓலைக்குடிசை இரண்டு மாதங்களில் மறைந்தது. ஆனால் அதில் உறங்கியவன் பங்காளி. தான் எடுத்த பொருளில் தனக்குரிய கூறு எது என்று அவன் அறிந்திருந்தான். கடல்கட்டி வரவில்லையென்றால் இறங்கமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நாவிருந்தது. பருவம் முடிந்ததும் படகிலேறித் தன் ஊருக்குப் போக அவனால் முடிந்தது. லயத்துக் காம்பராவோ நூறாண்டுக்கு மேல் நின்றது. ஆனால் அதில் உறங்கியவனுக்குப் பறித்த கொழுந்தில் பங்கில்லை. 1921இல் ஒழிக்கப்படும் வரையில், கடன் சீட்டாகிய ‘துண்டு’ முறை அவனைக் கடனாலே கட்டிவைத்தது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி வரையறுக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி, ஆணுக்கு 50 சதம் முதல் 54 சதம் வரை. பெண்ணுக்கு 40 முதல் 43 சதம் வரை. கஹவத்தையின் தோட்டத்திலே றப்பர்ப் பால் சேர்த்தவளுக்கும் நுவரெலியாவிலே கொழுந்து கிள்ளியவளுக்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்று சதமே. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபொழுது, தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணில் உழைத்தவர்களை நிலையற்ற குடிகள் என்று நாடு நடத்தியது. பருவத்துக்கென்று கட்டிய கூரையின்கீழ் அவர்களை நிரந்தரமாய் வைத்திருந்தவர்களே, அவர்களைப் பருவத்து மனிதர்கள் என்று எண்ணவும் துணிந்தனர்.

முத்து முகாமை ஒரு பொற்காலமாக வருணிப்பது என் நோக்கமன்று. அங்கே நோயும் மரணமும் இருந்தன; முகாமிலே பெருஞ்செல்வம் திரட்டியவர்கள் வியாபாரிகளும் அரசாங்கமுமேயன்றிக் குளியாட்களல்லர். ஆயினும் உழைப்பவனுக்குப் பங்கு உண்டு என்ற தர்மம் அந்நிய அரசாங்கத்தாலும் புறக்கணிக்க இயலாதவாறு அங்கே வேரூன்றியிருந்தது. நம் வயல்களில் மாணிக்கக் குழி தோண்டுவோரிடமும் அந்தத் தர்மம் இன்றுவரை வழங்கிவருகிறது. ஒரே தீவில், ஒரே காலத்தில், ஒரே அரசாங்கத்தின்கீழ், கடலில் உழைத்தவனுக்கும் குழியில் உழைத்தவனுக்கும் செல்லுபடியான நியாயம் மலையில் உழைத்தவனுக்கு மட்டும் ஏன் செல்லவில்லை என்ற வினாவை நம் சரித்திரம் இன்னும் உரிய அழுத்தத்தோடு எழுப்பவில்லை. காணியும் தனி வீடும் என்ற பேச்சு தோட்டங்களிலே எழுந்திருக்கும் இந்நாளில், அந்த வினா சலுகையைப் பற்றியதன்று, பங்கைப் பற்றியது என்பதை நாம் தெளிந்துகொள்வது அவசியம்.

அக்கரையிலே இன்று எஞ்சியிருப்பவை இரண்டு: நோர்த்தின் மாளிகைச் சிதைவு ஒன்று, தலைமுறைகள் திறந்தெறிந்த சிப்பி ஓடுகள் மணலோடு கலந்து கிடக்கும் மேடுகள் மற்றொன்று. அக்கரையின் நிலையான குடிகளாகிய முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து அகதி முகாம்களின் ஓலைக்கூரைகளின்கீழ் ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தைக் கழித்தபின்னர், போர் ஓய்ந்தபிறகே மறிச்சுக்கட்டிக்கும் சிலாவத்துறைக்கும் திரும்பத் தொடங்கினர் என்பதும் அந்நிலத்தின் சரித்திரத்தில் சேர்க்கப்படவேண்டிய ஏடு. மாளிகையைக் காக்கவேண்டுமென்று அவ்வப்போது குரல்கள் எழுகின்றன. அவை எழத்தான் வேண்டும். அதனோடு, கொட்டு நின்ற இடம் இதுவென்றும், மூன்று குவியல்களுள் ஒன்று உழைத்தவனுக்கு உரியதாயிருந்தது என்றும் பொறித்த ஒரு கல்லையும் அங்கே நாட்டவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

மன்னாரிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும், காற்றின் திசை மாறும்போதெல்லாம் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்து தங்கும் மீனவர்களுடைய வாடிகளைப் பற்றியும், அவற்றிலே உலர்ந்த கருவாடு மூட்டை மூட்டையாய் மலையேறி நம் தோட்டத்துச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றியும் அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.